கொட்டாங்கச்சியில் ஒரு விருந்து

லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷனில் ரயில் ஏறினால் அரை மணிக்குள் நியூ மால்டன் வந்துவிடுகிறது. மாநகரின் தென்மேற்கு ஓரத்தில் இருக்கும் இந்த ஊரில், அரண்மனையும் மணிக்கூண்டும் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்றும் இல்லை. கடைத்தெரு நெடுக கொரிய எழுத்துப் பலகைகள். நடுநடுவே இலங்கைத் தமிழர்களின் மளிகைக் கடைகள். முருங்கைக்காய், கறிவேப்பிலை, தேங்காய் எல்லாம் கிடைக்கிறது. கடைத்தெருவைத் தாண்டினால் ஒன்றோடொன்று ஒட்டிய செங்கல் வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் புடவையை விரித்துப் போட்ட மாதிரி நீளமான ஒரு கொல்லைப்புறம். அதைத்தான் அவர்கள் 'கார்டன்' என்கிறார்கள்.

என் அண்ணன் மகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது. ஒத்தாசைக்காக 2025 ஜனவரியில் போய் இரண்டு மாதம் இருந்தேன். அப்பப்பா, அந்தக் குளிர்! காலை எட்டு மணிக்குத்தான் சூரியன் எட்டிப் பார்க்கிறது. மாலை நாலு, நாலரைக்கெல்லாம் விளக்கு ஏற்ற வேண்டியிருக்கிறது. புல்லின் மேல் உப்பைத் தூவியது போல் வெண்பனி. மரங்களில் ஓர் இலை இல்லை. இந்த ஊரில் வெளியே எந்த ஜீவன் உயிரோடு இருக்கும் என்று நினைத்துக்கொண்டு சமையலறை ஜன்னல் திரையை விலக்கினால், கொல்லையில் ஒரே கூட்டம்!

ஜன்னலுக்கு வெளியே

நீலத் தொப்பியும் மஞ்சள் வயிறுமாக, என் கட்டைவிரலை விடக் கொஞ்சம் பெரிதான குருவிகள் நாலைந்து. இவற்றுக்கு 'ப்ளூ டிட்' என்று பெயர். நம் ஊர்ப் பட்டாணிக்குருவிக்கு ஒன்று விட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே மண்ணைக் கிளறியபடி செம்மார்பு ராபின். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் பார்த்திருப்பீர்களே, அதேதான். புல்வெளியில் கனத்த உடம்போடு, கல்யாண வீட்டுச் சம்பந்தி மாதிரி நடை போடும் காட்டுப் புறாக்கள். வேலியில் நம் மைனாவின் உறவுக்காரர்களான ஸ்டார்லிங்.

எல்லாம் எதற்காக வந்திருக்கின்றன என்றால், சாப்பிட! அந்தத் தெருவில் பார்த்த வீட்டிலெல்லாம் ஏதோ ஒன்று தொங்குகிறது. கம்பிக் குழாயில் வேர்க்கடலை, பிளாஸ்டிக் பால் கேனில் ஜன்னல் வெட்டி அதற்குள் விதை, பைன் மரக் காயின் இடுக்குகளில் கொழுப்பு. அந்த நாட்டில் ஏறக்குறைய பாதி வீடுகளில் இப்படிப் பறவைகளுக்குத் தீனி வைக்கிறார்களாம்.

"அத்தை, போன மாசமெல்லாம் இவர் ஆபீஸ் போயிட்டா நானும் கைக்குழந்தையும்தான். வெளியில இருட்டு, பேச ஆள் கிடையாது. சும்மா உக்காந்தா அழுகை வரும். பால் குடுக்கும்போது இந்த ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கிட்டேன். இதுங்களப் பாத்துப் பாத்துதான் பொழுது போச்சு" என்றாள் என் மருமகள். (அண்ணன் மகளை நான் மருமகள் என்றுதான் சொல்வேன்.) பிள்ளை பெற்று, ஊர் உறவு பக்கத்தில் இல்லாமல் இருந்தவர்களுக்கு இந்தப் பேச்சின் அர்த்தம் தெரியும்.

அவளுக்குப் பறவைகள் துணை. பறவைகளுக்கோ அது உயிர்ப் பிரச்சினை. ஒரு ப்ளூ டிட்டின் எடை பத்து, பதினோரு கிராம்தான். நம் ஊர் இரண்டு ரூபாய் நாணயம் இரண்டை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அவ்வளவுதான். இந்தச் சின்ன உடம்பு பதினைந்து, பதினாறு மணி நேர ராத்திரியை உறைபனியில் கழிக்க வேண்டும். பகலில் தின்று சேர்த்த கொழுப்பை எரித்துத்தான் விடியும் வரை சூடாக இருக்கிறது. புழு பூச்சி இல்லாத காலத்தில், உறைந்துபோன மண்ணைக் கொத்த முடியாத நாளில், விடிந்ததும் ஒரு வாய் கிடைப்பது என்பது பெரிய விஷயம்.

பெண்கள் ஆரம்பித்த சங்கம்

இந்த ஊர்க்காரர்களுக்குப் பறவைகள் மேல் இவ்வளவு பிரியம் எப்படி வந்தது என்று விசாரித்தேன். 1890-91 குளிர்காலம் மிகக் கடுமையாக இருந்ததாம். பட்டினியில் விழுந்த பறவைகளுக்கு ஏதாவது போடுங்கள் என்று பத்திரிகைகள் எழுதின, ஜனங்களும் போட்டார்கள். அது பழக்கமாகிவிட்டது.

அதற்குச் சற்று முன்பே, 1889-ல், மான்செஸ்டர் அருகே டிட்ஸ்பரியில் எமிலி வில்லியம்சன் என்ற பெண்மணி ஒரு சங்கம் தொடங்கினார். அந்தக் காலத்தில் சீமாட்டிகளின் தொப்பிகளுக்காகக் கொக்கு முதலான பறவைகளை ஆயிரக்கணக்கில் கொன்று இறகு எடுத்தார்கள். "இறகு வைத்த தொப்பி அணிய மாட்டோம்" என்பதுதான் சங்கத்தின் பிரதிக்ஞை. நியூ மால்டனிலிருந்து அதிக தூரமில்லாத க்ராய்டனில் எலைசா ஃபிலிப்ஸ் என்பவர் தலைமையில் இன்னொரு பெண்கள் குழு அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. 1891-ல் இரண்டும் ஒன்றாகின. 1904-ல் அரச அங்கீகாரம் கிடைத்தது. 1921-ல் இறகு இறக்குமதியைத் தடுக்கச் சட்டமே வந்தது. இன்றைக்கு அந்த நாட்டின் மிகப் பெரிய பறவைகள் பாதுகாப்புச் சங்கம் அதுதான். விதை போட்டது பெண்கள் என்று கேட்டபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை!

கண் உள்ள பாதி நமக்கு

ஒரு நாள் தேங்காய் துருவிவிட்டுக் கொட்டாங்கச்சியைக் குப்பைத் தொட்டியில் போடப் போனேன். "ஐயோ பாட்டி, போடாதீங்க!" என்று ஓடி வந்தாள் பெரிய குழந்தை. ஏழு வயது. கொட்டாங்கச்சிதான் அங்கே ப்ளூ டிட்களின் சாப்பாட்டுக் கிண்ணம். கடைகளில் கொழுப்பு நிரப்பிய அரை மூடிகளைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நம் வீட்டில்தான் தினம் ஒன்று மிஞ்சுகிறதே!

செய்வது சுலபம். தேங்காயின் மூன்று கண்களில் ஒன்று மெதுவாக இருக்கும் இல்லையா? கண் உள்ள பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கண்ணைக் கம்பியால் குத்தினால் துளை தயார். உறுதியான கயிற்றின் முனையில் ஒரு சின்னக் குச்சியைக் கட்டி, உள்ளிருந்து துளை வழியாகக் கயிற்றை வெளியே இழுத்தால், குச்சி உட்புறம் தங்கிக்கொள்ளும். கவிழ்த்துத் தொங்கவிட்டால் கோயில் மணி மாதிரி நிற்கும்.

உள்ளே நிரப்புவதில்தான் எங்களுக்கு ஒரு சங்கடம். அந்த ஊரில் வழக்கமாகப் போடுவது 'சூயட்', அதாவது மாட்டுக் கொழுப்பு. எங்கள் வீடு சைவம். "குருவி சாப்பிடறதுக்கு நமக்கென்ன அத்தை?" என்று மருமகள் கேட்டாலும், அதை அடுப்பில் உருக்க அவளுக்கே மனசு வரவில்லை. நல்லவேளை, புட்டிங் செய்வதற்கென்று தாவரக் கொழுப்பிலேயே ஒரு சூயட் கடையில் விற்கிறது. குளிரில் கல்லு மாதிரி இறுகிவிடுகிறது. அதில்தான் செய்தோம்.

கணக்கு இதுதான்: கொழுப்பு ஒரு பங்கு, உலர்ந்த பொருட்கள் இரண்டு பங்கு. உலர்ந்த பொருள் என்றால் சமைக்காத ஓட்ஸ், தோல் நீக்கிய சூரியகாந்தி விதை, உப்பில்லாத வேர்க்கடலையை நொறுக்கியது. கொதிக்கிற தண்ணீரின் மேல் வேறு பாத்திரத்தை வைத்து அதில் கொழுப்பை உருக்கி, இறக்கி, எல்லாவற்றையும் கொட்டிக் கிளறி, கொட்டாங்கச்சியில் அழுத்தி நிரப்பி, ஒரு ராத்திரி வைத்தால் இறுகிவிடும். சின்னக் குருவிகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கொத்தித் தின்னும். கனத்த புறாக்களால் அது முடியாது. ஆக, எளியவர்களுக்கென்று ஒரு பந்தி!

எண்ணெயும் மிருதுவான மார்ஜரினும் மட்டும் கூடாது. அவை இறகில் ஒட்டிக்கொண்டால் இறகு தண்ணீரைத் தடுக்கும் சக்தியை இழந்துவிடும். நனைந்த குருவி குளிரில் தப்பாது.

நம் சமையலறையில் ஜாக்கிரதை

மிச்சம் மீதியைக் காக்கைக்கு வைத்துப் பழகிய கை நம்முடையது. அந்த ஊரில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று மருமகள் ஒரு பட்டியலே எழுதி, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தாள்.

முதலாவது உப்பு. முறுக்கு, மிக்ஸர், உப்புமா, சாம்பார் சாதம் எதுவும் கூடாது. அவ்வளவு சின்ன உடம்புக்கு உப்பு விஷம். உப்பில்லாத வெறும் சாதம் கொஞ்சம் போடலாம்.

உலர்ந்த தேங்காய்த் துருவல் வயிற்றுக்குள் போய் ஊதிவிடும். பச்சைத் தேங்காய் என்றால் மூடியோடு தொங்கவிடலாம். பால் பறவைகளுக்கு ஜீரணமாகாது. ஓட்ஸ் கஞ்சி அலகில் ஒட்டி இறுகும். வேகாத அரிசி, பருப்பு, கடலை எல்லாம் புறாக்களுக்குத்தான் உதவும். சின்னவைகளுக்குப் பிரயோஜனம் இல்லை. பூஞ்சணம் பிடித்த வேர்க்கடலையைத் தொடவே கூடாது. அதில் உண்டாகும் நச்சு பறவைகளைக் கொன்றுவிடும். பக்கத்து வீட்டில் நாய் இருந்தால் திராட்சை, உலர்திராட்சை வேண்டாம். அது நாய்க்கு ஆகாது. கடையில் வலைப்பையில் விற்கும் கொழுப்பு உருண்டைகளை வலையை நீக்கிவிட்டுத்தான் வைக்க வேண்டும்; கால் சிக்கிக்கொள்ளும்.

பால் குடிக்காது என்கிறீர்களே, அந்தக் காலத்தில் பால் பாட்டிலைத் திருடியது என்று படித்தோமே என்பீர்கள். உண்மைதான்! 1921-ல் தெற்கு இங்கிலாந்தில் ஸ்வேத்லிங் என்ற ஊரில் வாசலில் வைத்த பால் பாட்டிலின் மூடியைக் கிழித்த குருவிகளை முதன்முதலாகக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். பிறகு நாடு முழுவதும் ப்ளூ டிட்கள் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டன. ஆனால் அவை எடுத்தது மேலே மிதக்கும் ஆடையைத்தான். நம் வீட்டுக் குழந்தைகள் மாதிரி!

எடுத்து வைத்த மேடை

அடுத்த வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு ஆங்கிலேயப் பாட்டி. ஒரு நாள் டீ குடிக்க அழைத்தார். அவர் கொல்லையில் மரத்தூணின் மேல் கூரை போட்ட அழகான தீனி மேடை ஒன்று இருந்தது. அதன் மேல் தீனி இல்லை, பூந்தொட்டி வைத்திருந்தார்.

"என் கணவர் செய்தது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. க்ரீன்ஃபின்ச் பத்துப் பன்னிரண்டு ஒன்றாக வந்து உட்காரும். ஒரு வருஷம் ஒன்று இறகைச் சிலிர்த்துக்கொண்டு நகராமல் உட்கார்ந்திருந்தது. நாங்கள் கிட்டே போயும் பறக்கவில்லை. விதையைக் கொத்தும், விழுங்க முடியாமல் வெளியே தள்ளும். இரண்டு நாளில் செத்துப்போயிற்று. அப்புறம் இன்னொன்று, இன்னொன்று" என்றார்.

அந்த நோயைப் பற்றி அங்கே எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தொண்டையைத் தாக்கும் ஒரு நுண்ணுயிர். புறாக்களிடம் வெகுகாலமாக இருந்தது, 2005-ல் அந்த நாட்டின் சின்னப் பறவைகளிடம் வந்துவிட்டது. நோயுற்ற பறவை துப்பிய விதையை இன்னொன்று தின்றால் போதும், தொற்றிக்கொள்ளும். நீர்க் கிண்ணமும் அப்படியே. பறவைகள் ஒரே இடத்தில் கூடித் தின்னும் தட்டையான மேடைதான் இதற்கு வசதி. க்ரீன்ஃபின்ச் பாதிக்கு மேல் அழிந்து, 2021-ல் ஆபத்தில் உள்ள பறவைகளின் சிவப்புப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. 2025-ல் அந்தப் பெரிய சங்கமே தட்டையான தீனி மேடைகளை விற்பதை நிறுத்தி வைத்தது.

"வாரா வாரம் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் இருந்தேன். இப்போது மூட்டுவலியில் விரல் மடங்க மாட்டேன் என்கிறது. கழுவ முடியாதபோது வைக்கக் கூடாது இல்லையா?" என்றார் அந்தப் பாட்டி. சொல்லிவிட்டு என் தட்டில் இன்னொரு பிஸ்கட்டை வைத்தார்.

நான் வெகுநேரம் அந்தப் பேச்சையே நினைத்துக்கொண்டிருந்தேன். தானம் செய்வது சுலபம். தானம் கொடுத்த பாத்திரத்தைக் கழுவுவதுதான் கஷ்டம். பசித்த வாய்க்குப் போடுகிறோம் என்ற திருப்தியில் அழுக்குத் தட்டில் போட்டால், அது விருந்தல்ல, வியாதி.

மருமகள் வீட்டில் சனிக்கிழமை காலை கழுவும் நேரம். தீனி வைக்கும் சாமான்களுக்கென்று தனி பிரஷ், தனி வாளி, ரப்பர் கையுறை. சமையலறைத் தொட்டியில் கழுவுவது கிடையாது, வெளியேதான். பழைய தீனியைக் கொட்டி, சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்து, கிருமிநாசினியில் முக்கி, நன்றாக அலசி, முழுக்கக் காய்ந்த பிறகுதான் மறுபடி நிரப்புவாள். கொட்டாங்கச்சியோ தீர்ந்ததும் குப்பைக்குப் போய்விடும். மறுநாள் சட்னிக்கு உடைத்த தேங்காயில் புதியது! தண்ணீர்க் கிண்ணம் தினமும். ஒரிரு நாளில் தீரும் அளவுதான் தீனி. தொங்கவிடும் இடத்தையும் அவ்வப்போது மாற்றுவாள். சோர்ந்து உட்கார்ந்த பறவை கண்ணில் பட்டால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, குறைந்தது இரண்டு வாரம் விருந்துக்கு விடுமுறை.

தொண்டை நோய் மனிதர்களுக்கு வராது. ஆனால் பறவை எச்சத்தில் வேறு கிருமிகள் உண்டு; சால்மொனெல்லா வயிற்றுப்போக்கை உண்டாக்கும். கைக்குழந்தை உள்ள வீடு என்பதால் கை கழுவாமல் யாரும் உள்ளே வரக் கூடாது என்பது சட்டம். பெரிய குழந்தை அதை அப்பாவுக்கே சொல்லித் தருகிறாள்!

நான் கிளம்புவதற்கு முன்னால் ஒரு நல்ல ஏற்பாடு நடந்தது. அடுத்த வீட்டுப் பாட்டியின் சமையலறை ஜன்னல் எதிரே ஒரு கொட்டாங்கச்சியைத் தொங்கவிட்டார்கள். சனிக்கிழமை அதை எடுத்துவிட்டுப் புதிது மாட்டுவதும், தண்ணீர்க் கிண்ணத்தைத் தேய்ப்பதும் ஏழு வயதுக்காரியின் பொறுப்பு. கூலி, ஒரு பிஸ்கட்.

நம் ஊர் விருந்தாளி

ஒரு காலை 'கீ... கீ...' என்று பழக்கமான சத்தம். பார்த்தால் பச்சைக்கிளி! கழுத்தில் ரோஜா வளையத்தோடு நாலு கிளிகள், வெண்பனி படிந்த மரத்தில். கனவோ என்று கண்ணைத் தேய்த்துக்கொண்டேன். கூண்டிலிருந்து தப்பிய கிளிகளின் சந்ததி என்கிறார்கள். 1970-களின் தொடக்கத்திலிருந்து தென்கிழக்கு இங்கிலாந்தில் கூடு கட்டிப் பெருகி, இப்போது கிங்ஸ்டன், ரிச்மண்ட் பக்கமெல்லாம் கூட்டம் கூட்டமாகப் பறக்கின்றன.

நம் ஊர்க்காரர்கள் என்று எனக்குச் சந்தோஷம். ஆனால் அவை வந்து உட்கார்ந்தால் ப்ளூ டிட்கள் ஒதுங்கிவிடுகின்றன. லண்டன் தோட்டங்களில் ஆராய்ச்சி செய்தவர்களும் அதைத்தான் கண்டார்கள். அதனால் விதைக் குழாயைச் சுற்றி, சின்னக் குருவி மட்டும் நுழையக்கூடிய இடைவெளியில் கம்பிக்கூண்டு போட்டிருக்கிறாள் மருமகள். "சொந்தக்காரங்கன்னாலும் பந்தியில ஒழுங்கு வேணும் இல்லையா அத்தை?" என்று சிரித்தாள்.

ஜனவரிக் கடைசி வாரக் கடைசியில் நாடு முழுவதும் ஒரு கணக்கெடுப்பு. 1979-ல் குழந்தைகளுக்காக ஆரம்பித்தது. இப்போது ஐந்து லட்சம் பேருக்கு மேல் கலந்துகொள்கிறார்கள். ஒரு மணி நேரம் ஜன்னலில் உட்கார்ந்து, தரையிலும் மரத்திலும் வந்திறங்கும் பறவைகளை எண்ண வேண்டும். வந்து போனவற்றைக் கூட்டக் கூடாது. ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை தெரிந்தன என்பதுதான் கணக்கு. பாட்டியும் பேத்தியுமாக எண்ணினோம். ப்ளூ டிட் ஐந்து, ராபின் ஒன்று, புறா மூன்று, கிளி நாலு. சிட்டுக்குருவி ஒன்றுகூட இல்லை. நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் முதலிடம் சிட்டுக்குருவிக்குத்தானாம். ஆனால் 1979-ல் இருந்ததற்கு இப்போது பாதிகூட இல்லை. லண்டனில் குறைவு இன்னும் அதிகம். இத்தனை வருடம் குழந்தைகளும் பெரியவர்களும் ஜன்னலில் உட்கார்ந்து எண்ணியதால் அல்லவா அது தெரிந்தது?

நீங்களும்...

நம் ஊரில் பனி இல்லை. குருவிக்குக் கொழுப்பு உருண்டை தேவையில்லை. நம் வெயிலுக்கு வேண்டியது தண்ணீர். மொட்டை மாடியிலோ ஜன்னல் ஓரத்திலோ நிழலான இடத்தில் அகலமான மண்சட்டி, இரண்டு அங்குலம் தண்ணீர், குஞ்சுகள் நிற்க நடுவில் ஒரு கல். தினமும் கொட்டிவிட்டுத் தேய்த்துப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். கொசுவும் வராது, நோயும் வராது. சிட்டுக்குருவி வரும் வீடானால், பாட்டி காலத்தில் செய்தது போல் நெற்கதிரைக் கொத்தாகக் கட்டித் தாழ்வாரத்தில் தொங்கவிடலாம். கொட்டாங்கச்சியில் ஒரு பிடி கம்போ தினையோ வைக்கலாம்.

வாரத்தில் ஒரு நாளைக் கழுவுவதற்கென்று ஒதுக்க முடியுமா என்று முதலில் யோசியுங்கள். முடியும் என்றால் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டு இந்த வாரமே தொடங்கிவிடுங்கள். முடியாது என்றால் ஒரு செம்பருத்திச் செடியோ முருங்கைக் கன்றோ நட்டுவிடுங்கள். பூத் தேனுக்கும் பூச்சிக்கும் பறவைகள் தாமாக வரும். அந்தத் தட்டை யாரும் கழுவ வேண்டியதில்லை!